அம்மாவுக்கு ‘மஸ்க்’ ஆன்டிபாடி பாசிட்டிவ்: இந்தப் புரதத்துக்கு என்னதான் வேலை?

தறிவீட்டுப்பையன் எழுதியது:

வணக்கம். அம்மாவுக்கு 54 வயது. போன ஆடி மாதத்திலிருந்து சாயங்காலம் ஆனால் இமை தானாக இறங்கிவிடுகிறது, காலையில் சரியாக இருக்கும். கண் பலவீனம் என்று முதலில் கண்ணாடியை மாற்றினோம். அப்புறம் பேச்சு மூக்கால் வர ஆரம்பித்தது. பாதித் தட்டுச் சோற்றிலேயே மெல்ல முடியாமல் நிறுத்திவிடுவார். தாடையைக் கையால் தாங்கியபடி உட்கார்ந்திருப்பார். ஒரு இடத்தில் “மன அழுத்தம்தான், நன்றாகத் தூங்கச் சொல்லுங்கள்” என்று மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். ஏழு மாதம் அப்படியே போனது. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு நரம்பியல் மருத்துவர்தான் மயஸ்தீனியா கிரேவிஸ் என்றார். உடம்பின் எதிர்ப்புப் புரதமே (ஆன்டிபாடி) நரம்பும் தசையும் சேரும் இடத்தைத் தாக்கித் தசையைத் தளரவைக்கும் நோயாம். நரம்பு தசைக்குச் சேதி அனுப்பும் ரசாயனமான அசிட்டைல்கோலினின் ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி டெஸ்ட் நெகட்டிவ். அடுத்து எடுத்த மஸ்க் ஆன்டிபாடி பாசிட்டிவ். பைரிடோஸ்டிக்மின் கொடுத்துப் பார்த்தார்கள். பலம் வந்ததைவிடக் கெண்டைக்கால் துடிப்பும் பிடிப்பும்தான் அதிகம்.

மருந்து பற்றி மருத்துவரிடமே கேட்டுக்கொள்வேன். எனக்குப் புரியாதது வேறு. நான் பி.காம். படித்தவன். ஏற்பி என்றால் நரம்பு அனுப்பும் சேதியைத் தசை வாங்கிக்கொள்ளும் இடம், அது புரிகிறது. இந்த மஸ்க் அசிட்டைல்கோலினை வாங்குவதும் இல்லை, அனுப்புவதும் இல்லை என்கிறார்கள். அப்படியானால் அதன்மேல் ஆன்டிபாடி ஒட்டினால் அம்மாவால் ஏன் சோறு மெல்ல முடியவில்லை?

உதரவிதானம் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்விக்குள்தான் என் இளமையில் ஆறு வருடம் போனது. சுண்டெலியின் உதரவிதானத் தசையில் நரம்பு எப்படி ஒட்டுகிறது என்று பார்ப்பதுதான் அப்போது என் வேலை. இப்போது மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் எடுக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நரம்பு நுனிக்கும் தசைக்கும் நடுவே சுமார் 50 நானோமீட்டர் இடைவெளி. நரம்பு அங்கே அசிட்டைல்கோலினைக் கொட்டுகிறது. அந்த இடைவெளியிலேயே அதை உடைக்கும் நொதி ஒன்றும் காத்திருக்கிறது. ஆகவே கொட்டிய கணத்தில் எதிரே ஏற்பிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நிற்கின்றன: நரம்பு நுனிக்கு நேர் எதிரே ஒரு சதுர மைக்ரானுக்கு ஏறக்குறைய 10,000 ஏற்பிகள். அதே தசையிழையில் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் 10கூட இருக்காது.

அவ்வளவையும் ஒரே இடத்தில் கூட்டி வைப்பது யார்? உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

இது தெரியவந்த கதையை ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்வேன், எனக்கு அலுத்ததே இல்லை. 1978இல் மக்மஹான் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் தவளையின் நெஞ்சுத் தசையைச் சிதைத்தார்கள், நரம்பையும் அறுத்தார்கள். தசையிழை செத்துக் கரைந்துபோனது; அதைச் சுற்றியிருந்த மெல்லிய உறை மட்டும் வெறும் கூடாக நின்றது. தசை மறுபடி வளராதபடி எக்ஸ்ரே கதிர் பாய்ச்சினார்கள். நரம்பு மட்டும் வளர்ந்து வந்தது. உள்ளே தசையே இல்லாத அந்தக் கூட்டில், தான் முன்பு ஒட்டியிருந்த அதே இடத்தில் போய் நின்று, பழையபடி தன் நுனியை அமைத்துக்கொண்டது. மறுவருடம் தலைகீழாகச் செய்தார்கள்: நரம்பை வரவிடாமல் தசையை மட்டும் வளரவிட்டார்கள். புதுத் தசையின் ஏற்பிகள் பழைய இடத்திலேயே கூடின. அப்படியானால் இடம் சொல்லும் ஏதோ ஒன்று அந்த உறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மின்சாரத் திருக்கை மீனின் மின்னுறுப்பில் நரம்பு வந்து ஒட்டும் இந்த வகைச் சந்திப்புகள் அடுக்கடுக்காக இருக்கும் என்பதால் அதில் தேடிப் பிரித்தெடுத்தார்கள். அந்தப் புரதத்துக்கு 1987இல் அக்ரின் என்று பெயர் வைத்தார்கள்.

அக்ரினைத் தசையும் செய்கிறது. ஆனால் நரம்பு செய்யும் அக்ரினில் சில அமினோ அமிலங்கள் கூடுதலாகச் செருகப்பட்டிருக்கும். மரபணு ஒன்றுதான், வெட்டி ஒட்டும் விதம்தான் வேறு. அந்தச் சிறு செருகல் இல்லாவிட்டால் ஏற்பிகளைக் கூட்டும் சக்தி மிகவும் குறைந்துவிடும்.

சரி, மஸ்க்குக்கு வருவோம். நரம்பு விடும் அக்ரின், தசையின் மேலுள்ள எல்ஆர்பி4 என்ற புரதத்தைப் பிடிக்கிறது. எல்ஆர்பி4 பக்கத்திலிருக்கும் மஸ்க்கை எழுப்புகிறது. மஸ்க் ஒரு கைனேஸ், அதாவது மற்றப் புரதங்கள்மேல் பாஸ்பேட்டை ஏற்றிவிடும் நொதி. அது விழித்ததும் தசைக்குள்ளே டோக்-7 முதலானவை வழியாக ஒரு வேலைச் சங்கிலி ஓடுகிறது. கடைசியில் ராப்சின் என்ற புரதம் ஏற்பிகளை ஒன்றோடொன்று கட்டி நிறுத்துகிறது. மஸ்க் சேதியை வாங்குவதில்லை என்று உங்களுக்குச் சொன்னது சரிதான். சேதியை வாங்குகிறவர்களை வரிசையில் நிற்கவைப்பது மஸ்க். 1996இல் மஸ்க் இல்லாத சுண்டெலிகளை உருவாக்கிப் பார்த்தார்கள். தசை இருந்தது, நரம்பு வந்தது, ஏற்பிகள் மட்டும் எங்கும் கூடவில்லை. பிறந்ததும் மூச்சுவிட முடியாமல் இறந்துபோயின.

உங்கள் அம்மாவின் ஆன்டிபாடி பெரும்பாலும் ஐஜிஜி4 வகையாக இருக்கும். எல்ஆர்பி4இன் கை மஸ்க்கை எட்டவிடாமல் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும் வகை அது. நேரடியாக ஏற்பியைத் தாக்கி அழிக்கும் மற்ற வகை மயஸ்தீனியாவிலிருந்து இது அதனால்தான் வேறுபடுகிறது. கட்டு தளர்கிறது, ஏற்பிகள் கலைகின்றன. இன்னொன்று: அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியை அந்த இடத்தில் பிடித்து வைப்பதிலும் மஸ்க்குக்குப் பங்கு உண்டு. பைரிடோஸ்டிக்மின் அந்த நொதியைத்தான் தடுக்கிறது. ஏற்கெனவே நொதி குறைந்த இடத்தில் மேலும் தடுத்தால் துடிப்பும் பிடிப்பும் வரலாம். இதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

ஏற்பிகளை நான் நுண்ணோக்கியில் பார்த்தது ஒளிரும் சாயம் ஏற்றிய பாம்பு நஞ்சால்தான். தைவானில் 1963இல் நம் கட்டுவிரியனின் உறவுக்காரப் பாம்பிலிருந்து பிரித்த ஆல்பா பங்காரோடாக்சின். ஏற்பியில் ஒட்டினால் விடாது. நல்ல சுண்டெலித் தசையில் ஒவ்வொரு சந்திப்பும் சின்னக் கைமுறுக்கு மாதிரி சிவப்பாகத் தெரியும். மஸ்க் ஆன்டிபாடி செலுத்திய சுண்டெலியில் அந்த முறுக்கு துண்டு துண்டாக உடைந்து வெளிறியிருக்கும். நம் உடம்பில் முறுக்காக இருக்காது, சின்னப் புள்ளிகளின் கூட்டமாக இருக்கும். நடப்பது அதேதான்.

இரண்டாமாண்டு_எம்எஸ்சி எழுதியது:

அக்கா, ஒரு சந்தேகம். நரம்பு வந்து சேரும் முன்பே கருவின் தசை நடுவில் ஏற்பிகள் கூடிவிடும் என்று படித்தேன். அப்படியானால் அக்ரின்தான் கூட்டுகிறது என்று சொல்லலாமா?

உதரவிதானம் எழுதியது:

நல்ல இடத்தில் பிடித்தீர்கள், நான் அதை விட்டுவிட்டேன். முதல் கூட்டம் மஸ்க்கும் எல்ஆர்பி4உம் தாமாகவே போடுவது, நரம்பு தேவையில்லை. ஆனால் நரம்பு வந்து அசிட்டைல்கோலினை விட ஆரம்பித்ததும் அது அந்தக் கூட்டங்களைக் கலைக்கிறது. எங்கே அக்ரின் இருக்கிறதோ அங்கே மட்டும் கலையாமல் நிற்கிறது. 2005இல் அக்ரினும் அசிட்டைல்கோலினும் இரண்டுமே இல்லாத சுண்டெலிக் கருவில் பார்த்தார்கள், கூட்டங்கள் இருந்தன. ஆகவே ‘காப்பாற்றுகிறது’ என்பது இன்னும் சரியான சொல். இரண்டும் ஒரே நரம்பிலிருந்துதான் வருகின்றன என்பதை யோசித்துப் பாருங்கள். வேண்டாத இடத்தை அழித்துவிட்டு, தான் தொட்ட இடத்தை மட்டும் வைத்துக்கொள்கிறது.

மதுரை_மல்லி எழுதியது:

எனக்கும் மஸ்க் பாசிட்டிவ், ஆறு வருடமாக. தம்பி, அறிவியல் அவர்கள் சொல்லட்டும், நான் அடுப்படி விஷயம் சொல்கிறேன். பெரிய சாப்பாட்டைக் காலைக்கு மாற்றுங்கள். ராத்திரி குழைந்த சோறு, கஞ்சி போதும். வேறு எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரானாலும், மயஸ்தீனியா என்று முதலில் சொல்லுங்கள். சில ஆன்டிபயாடிக்கும் மெக்னீசிய ஊசியும் நமக்கு ஆகாது. தினமும் ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று அம்மாவை எண்ணச் சொல்லிக் குறித்து வையுங்கள். எண்ணிக்கை இறங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, தண்ணீர் விழுங்கும்போது புரையேறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எனக்கு ஆன்டிபாடியைக் குறைக்கும் ரிடுக்ஸிமாப் மருந்து போட்ட பிறகுதான் குரல் திரும்பியது. அது உங்கள் அம்மாவுக்குச் சரியா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

தறிவீட்டுப்பையன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, கடைசியாக ஒன்று. ஆன்டிபாடி குறைந்தால் கலைந்த ஏற்பிகள் திரும்பக் கூடுமா?

உதரவிதானம் எழுதியது:

கூடும். ஆரோக்கியமான சந்திப்பிலேயே ஏற்பிகள் நிரந்தரமாக நிற்பதில்லை. சுமார் 10 நாளில் பாதி போய்ப் புதியவை வந்துவிடும். அந்த இடத்துக்குக் கீழேயுள்ள தசைக்கருக்கள் ஏற்பி செய்வதையே தொழிலாக வைத்திருக்கின்றன. ஆன்டிபாடி விலகி மஸ்க் விழித்தால் அதே இடத்தில் கட்ட ஆரம்பிக்கும். அதற்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டால் முகத்திலும் நாக்கிலும் தசை மெலியலாம், அதனால் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

தறிவீட்டுப்பையன் எழுதியது:

வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். துடிப்பு பற்றியும் ரிடுக்ஸிமாப் பற்றியும் எழுதி வைத்திருக்கிறேன். இன்று காலை ஒரே மூச்சில் 31 வரை எண்ணினார்.

இதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கைமுறுக்குக்குச் சிரித்தார். அப்புறம், அந்தத் தவளைக்கு நரம்பு பழைய இடத்துக்கே வந்ததா என்று இரண்டு முறை கேட்டார். வந்தது என்றேன்.