எந்தக் காற்றில் போனாள் பூங்குழலி?

தங்கச்சிமடத்திலிருந்து:

வருடத்தில் 61 நாள் எங்கள் அப்பா ராத்திரியில் வீட்டில் தூங்குவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. கையில் காசு புரளாத நாட்கள்தான். ஆனாலும் எனக்கு ரொம்பப் பிடித்த நாட்கள் அவை.

வேப்பமரத்தடியில் வலையை விரித்துப் போட்டு, கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, அப்பாவும் சித்தப்பாவும் கிழிசல் பார்ப்பார்கள். கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கும். அப்பா நான்காம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், அரைப் பக்கத்தில் கண் வலிக்கிறது என்று வைத்துவிடுவார். ஒரு வருடம் கிளை நூலகத்திலிருந்து பொன்னியின் செல்வன் முதல் பாகத்தை எடுத்து வந்து, "நான் வாசிக்கிறேன், கேளுங்கப்பா" என்றேன்.

கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராக எழுதினார். அதனால் ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்தது என்ன என்று தவிக்கவிட்டுத்தான் நிற்கும். சத்தமாக வாசிக்கும்போதுதான் அதன் அருமை எனக்கே புரிந்தது. கண்ணால் படித்தால் ஓடிப் போய்விடுகிற வரியெல்லாம் வாயால் சொல்லும்போது நிற்கிறது. முதல் பாகம் முழுக்க அப்பா "ம்" கொட்டியதோடு சரி. அரண்மனைச் சதி அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் பாகம் தொடங்கியதும் பூங்குழலி வந்தாள். கோடிக்கரைக் கலங்கரை விளக்கத்தைக் காக்கிறவரின் மகள், தனியாகப் படகு விடுகிறவள். அவள் வந்தியத்தேவனை ஏற்றிக்கொண்டு ராத்திரியில் இலங்கைக்குப் புறப்படுகிற இடத்தில் அப்பாவின் ஊசி நின்றது.

"எந்தக் காத்துல போனா?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று தடவை படித்தவள் நான், ஒரு தடவைகூட அதை யோசித்ததில்லை. கதை ஆடிப்பெருக்கில் தொடங்குகிறது என்று மட்டும் சொன்னேன். "அப்ப கச்சான்தான், மேக்கேயிருந்து அடிக்கிற காத்து. கோடிக்கரையிலேர்ந்து தெக்க எறங்குனா காத்து வலப்பக்கம் விலாவுல அடிக்கும். ஒத்தையா துடுப்புப் போடுறான்னா அந்தப் புள்ளைக்கு நல்ல கை" என்றார். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பாய் இல்லாமல் முடியாது என்றார். பொழுது சாயும்வரை இரண்டு பேரும் அதையே பேசினார்கள். அம்மா வறுத்து வைத்த சூடைமீன் ஆறிப்போனது.

ஐந்து பாகமும் முடிய இரண்டு தடைக்காலம் ஆனது. முதல் வருடம் ஜூன் 14ஆம் தேதி மூன்றாம் பாகத்தின் நடுவில் நின்றிருந்தோம். மறுநாள் கடலுக்குக் கிளம்பும்போது, ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டே அப்பா என்னைக் கூப்பிட்டார். "நான் இல்லாம மேல படிச்சிராத" என்றார். அடுத்த ஏப்ரல்வரை அந்தப் புத்தகத்தை நான் தொடவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

கீழக்கரையிலிருந்து:

தங்கச்சி, படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் அடுப்படிதான் வேப்பமரம். பெருநாளுக்கு முன்னால் தொதல் கிண்டுவோம். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்ந்து இறுகி, எண்ணெய் பிரிந்து வருகிறவரை அகப்பையை விடக் கூடாது. மணிக்கணக்காகும். மூன்று பெண்கள் மாற்றி மாற்றிக் கிண்டுவோம். கை ஓய்ந்தவள் வாசிக்க வேண்டும் என்பது உம்மா வைத்த ஏற்பாடு.

எங்கள் புத்தகம் தோப்பில் முகமது மீரானின் ஒரு கடலோர கிராமத்தின் கதை. 1988இல் வந்தது. அவருடைய கடல் குமரிப் பக்கம், எங்கள் பேச்சு வேறு, அந்தப் பேச்சு வேறு. முதலில் பாதி வார்த்தை விளங்கவில்லை. சத்தமாக வாசித்தால் விளங்கியது! வடக்கு வீட்டு முதலாளி வருகிற இடங்களில் உம்மா, "இந்த ஆள எனக்குத் தெரியுமே" என்பார். ஒவ்வொரு ஊரிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார் போல.

உம்மா இப்போது இல்லை. புத்தகத்தில் ஒரு பக்கத்தின் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் எண்ணெய் பட்ட இடம் கண்ணாடி மாதிரி ஆகி, மறுபக்க எழுத்து தெரிகிறது. அந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மேலே படிப்பேன்.

மண்டபத்திலிருந்து:

என்னுடையது சின்ன விஷயம். மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயிலில் போகும்போது ஏதாவது நாவல் கையில் இருக்கும். எவ்வளவு விறுவிறுப்பான இடமாக இருந்தாலும் பாம்பன் பாலம் வந்தால் மூடிவிடுவேன். வடகடல் ஒரு நிறம், தென்கடல் ஒரு நிறம். 2022 டிசம்பரில் 1914ஆம் வருடத்துப் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள், வண்டி மண்டபத்தோடு நின்றுவிடும். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்த பிறகு, வேலை ஒன்றும் இல்லாமலே ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் எடுத்தேன், பாலத்தின் மேல் புத்தகத்தை மூடிவைக்க.

தொண்டியிலிருந்து:

தங்கச்சிமடத்துத் தங்கச்சிக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவுக்கு ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி வாசித்துக் காட்டுங்கள். ஆள் சிங்கம்புணரிக்காரர், அன்றைக்கு அதுவும் நம் ராமநாதபுரம் மாவட்டம்தான். இளம் வயதிலேயே இந்தோனேசியாவுக்குப் போய் மேடானில் இருந்தவர். நாவல் 1972இல்தான் புத்தகமாக வந்தது. எங்கள் ஊரில் கப்பலுக்குப் போன தாத்தா இல்லாத வீடு குறைவு, அதனால் எனக்கு அது குடும்பக் கதை மாதிரி. முழுசும் வேண்டாம், நடுவில் மனப்பேச்சு அதிகம், வலை பின்னிக்கொண்டு கேட்பது கஷ்டம். பினாங்குக்குத் தொங்கான் என்கிற சரக்குத் தோணியில் போகும்போது புயலில் மாட்டுகிற பகுதியை மட்டும் வாசியுங்கள். அப்பா என்ன சொல்கிறார் என்று கட்டாயம் எழுத வேண்டும்.

தங்கச்சிமடத்திலிருந்து, மறுபடியும்:

அண்ணா, கொஞ்சம் தாமதமாகிவிட்டது. புத்தகம் நூலகத்தில் இல்லை, ராமநாதபுரத்தில் தெரிந்த ஒரு டீச்சரிடம் வாங்கினேன். போன ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத நாள். கோயில் முடிந்து வந்து, டீ குடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்தோம். தொங்கான் என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவருக்கே தெரிந்திருந்தது.

வாசித்து முடிக்கிறவரை "ம்" கொட்டவில்லை. கையில் வேலையும் இல்லை. முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"எழுதுனவரு உள்ள இருந்திருக்காரு" என்றார் அப்பா. அப்புறம் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "காத்து எழும்புற எடத்துலேர்ந்து இன்னொருக்கா படி" என்றார்.