பண்பாட்டுப் பரிமாற்றத் திட்டங்கள்: வாய்ப்பா, மலிவுக் கூலியா?

வழிப்போக்கன்

அக்கா மகளுக்கு இருபது வயது. அமெரிக்காவின் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் மாணவர்களுக்கென்று இருக்கும் கோடைக்கால வேலை-பயணத் திட்டத்தில் போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதிகபட்சம் நான்கு மாதம். கடலோர விடுதி ஒன்றில் அறை துப்புரவு வேலை. ஏஜென்சி கட்டணம், விமான டிக்கெட் எல்லாம் எங்கள் செலவு. வீட்டில் பாதிப் பேர் போகட்டும் என்கிறார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். பண்பாட்டுப் பரிமாற்றம் என்று எழுதியிருக்கிறார்களே, அது உண்மையில் நடக்கிறதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

நூல்கண்டு

2010 கோடையில் அதே திட்டத்தில் போய் வந்தவன் நான். அனுப்பாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

எனக்கும் விடுதி வேலைதான் கிடைத்தது. ஓர் அறையில் ஆறு பேர் தங்கினோம். அறை முதலாளியுடையது, வாடகையைச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார். முதல் சம்பளச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். மேலே நான் வேலை செய்த மணிக்கணக்கு. அதற்குக் கீழே வாடகை, வேன் செலவு, சீருடை என்று வரிசையாகப் பிடித்தம். கடைசி வரியில் மிஞ்சிய தொகையை இரண்டு முறை படித்தேன், தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்று. ஊர் திரும்பும்போது ஏஜென்சிக்குக் கட்டிய பணம்கூடக் கைக்கு வரவில்லை. அந்த நாட்டுக்காரர் என்று நான் பேசிப் பழகியது மேற்பார்வையாளர் ஒருவரோடு மட்டும்தான்.

என் கதை மட்டுமல்ல இது. 2011 ஆகஸ்டில் பென்சில்வேனியா மாநிலம் பாமைராவில், ஹெர்ஷி சாக்லேட் பொதி கட்டும் கிடங்கில் இதே விசாவில் வந்த மாணவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து போராடினார்கள். நாள் முழுக்கப் பெட்டி தூக்குகிற பிள்ளைக்கு எந்தப் பண்பாடு அறிமுகமாகும்?

செம்பருத்தி

நூல்கண்டு, உங்களுக்கு நடந்தது அநியாயம், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் பாமைரா கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். அந்தப் பிள்ளைகள் வெளியே வந்து நின்றதால்தான் 2012இல் விதிகள் மாறின. தொழிற்சாலை வேலையும் கிடங்கு வேலையும் இந்தத் திட்டத்தில் இப்போது கூடாது. பெரும்பகுதி இரவு பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் நடுவில் வரும் வேலையும் கூடாது. ஆண்டுக்குச் சுமார் 1,09,000 பேர் என்ற உச்சவரம்பு 2011 கடைசியிலேயே வந்துவிட்டது. விசாவுக்குப் பொறுப்பேற்கும் அமெரிக்க நிறுவனம் மாதம் ஒருமுறையாவது மாணவரோடு தொடர்புகொண்டு விசாரிக்க வேண்டும்.

நான் போனது அதற்குப் பிறகு. விடுதியின் சலவை அறையில் வேலை. அங்கே இருபது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்த ஓர் அம்மா இருந்தார். பெரிய போர்வையை ஒருவராக மடிக்க முடியாது. இரண்டு முனை அவர் கையில், இரண்டு முனை என் கையில், மடித்துக்கொண்டே ஒருவரை நோக்கி ஒருவர் நடப்போம். நடுவில் சந்திக்கும்போது அவர் ஒரு வார்த்தை சொல்லித் தருவார், அடுத்த போர்வைக்கு நான் ஒன்று சொல்லித் தருவேன். ஒரு கோடையில் எத்தனை போர்வை! பள்ளியிலும் கல்லூரியிலும் வராத பேச்சு மொழி எனக்கு அந்த அறையில்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் ஒருத்தியாகவே ஆகிவிட்டேன். இன்றைக்கும் போனில் பேசிக்கொள்கிறோம்.

நூல்கண்டு

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அது அந்த அம்மாவின் நல்ல மனசு. திட்டம் உங்களுக்குக் கொடுத்தது சலவை அறையை மட்டும்தான்.

திட்டமே பரிமாற்றத்தைத் தந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஐரோப்பாவின் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டத்தைப் பாருங்கள். 1987இல் 11 நாடுகள், 3,244 மாணவர்களோடு தொடங்கியது. போய்ச் சேரும் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் கிடையாது. உதவித்தொகை உண்டு. அங்கே படித்த பாடத்தைச் சொந்தக் கல்லூரியில் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். யாருக்கும் இதில் கூலி மிச்சமில்லை. அதனால்தான் அது பரிமாற்றமாகவே இருக்கிறது.

அப்புறம் ஜே-1 விசாவிலேயே இருக்கும் 'ஓ பேர்' திட்டத்தை எடுங்கள். 18 முதல் 26 வயது வரை உள்ளவர்கள் ஒரு குடும்பத்தோடு தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு 45 மணி நேரம் வரை வேலை வாங்கலாம், கொடுக்க வேண்டியது குறைந்தபட்சம் 195.75 டாலர். இந்தத் தொகை எப்படி வந்தது தெரியுமா? மத்தியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். 45 மணிக்கு 326.25. அதில் தங்கவும் சாப்பிடவும் என்று 40 சதவீதத்தைக் கழித்தால் 195.75. அந்த 7.25 டாலர் 2009க்குப் பிறகு உயரவே இல்லை. நடுராத்திரியில் அழும் குழந்தையைத் தூக்கக்கூடிய தூரத்தில் படுத்திருக்க வேண்டும் என்பதற்காகவே கொடுக்கும் அறைக்கு அந்தப் பெண்ணிடமே வாடகை வாங்குவது எந்த ஊர் நியாயம்?

செம்பருத்தி

எராஸ்மஸ் உதவித்தொகையில் மட்டும் வெளிநாட்டில் மாதத்தை ஓட்ட முடியாது. மிச்சத்தை வீட்டிலிருந்துதான் போட வேண்டும். வீட்டில் போட முடியாத பிள்ளை என்ன செய்யும்? நீங்கள் சொல்வதுபோல வேலைத் திட்டங்களை எல்லாம் மூடிவிட்டால் வசதியுள்ளவர்கள் மட்டும்தான் உலகம் பார்ப்பார்கள். என் அப்பாவால் ஒரு செமஸ்டருக்குக்கூடப் பணம் கட்டி என்னை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்க முடியாது. அந்தப் போர்வைகள்தான் எனக்கு டிக்கெட் காசு.

தேன்சிட்டு

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் ஓ பேராக ஓராண்டு இருந்தவள். நீங்கள் இருவரும் சம்பளத்தையும் போர்வையையும் பேசுகிறீர்கள். என்னைக் காப்பாற்றியது மூன்றாவது ஒன்று.

முதல் குடும்பத்தில் 45 மணி நேரம் என்பது பேச்சுக்குத்தான். பிள்ளைகள் தூங்கிய பிறகு முழு வீட்டுக்கும் துணி துவைக்கச் சொன்னார்கள். விசாவுக்குப் பொறுப்பான நிறுவனத்தின் பகுதி ஒருங்கிணைப்பாளர் ஒரு மணி நேரக் கார் பயணத் தொலைவுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. போன் செய்தேன், மறுநாளே வந்தார், உட்கார்ந்து கேட்டார். இரண்டு வாரத்தில் வேறு குடும்பம். அங்கேதான் நான் மனுஷியாக நடத்தப்பட்டேன். அந்தப் பிள்ளைகளுக்கு இன்றும் நான் அக்கா.

வேலை மாற முடியுமா, முடியாதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1993இல் ஜப்பான் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் கொண்டுவந்தது. வளரும் நாட்டு இளைஞர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பதுதான் நோக்கம் என்றார்கள். ஆனால் வந்தவர்கள் பொதுவாக முதலாளியை மாற்ற முடியாது. ஆயிரக்கணக்கில் ஓடிப்போனார்கள். கடைசியில் 2024இல் சட்டம் போட்டு, அதை எடுத்துவிட்டு 2027இல் வேறு முறை கொண்டுவர முடிவெடுத்தார்கள். சில நிபந்தனைகளோடு இடம் மாறவும் அதில் வழி வைத்திருக்கிறார்கள்.

நூல்கண்டு

தேன்சிட்டு, இதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு விசா ஒருவர் கையில், வேலை ஒருவர் கையில் என்று இருந்தாலும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கவில்லை. குறை சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்திலேயே நான்கு மாதம் போனது. இருந்தாலும் உங்களுக்கு வாய்த்த ஒருங்கிணைப்பாளர் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அமெரிக்காவில் ஓ பேர்கள் போட்ட வழக்கில், அவர்களை வரவழைக்கும் 15 நிறுவனங்கள் 6.55 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டு 2019இல் சமரசம் செய்தன. எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தால் அந்த வழக்கே வந்திருக்காது.

செம்பருத்தி

அதே 2019 டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநில ஊதியச் சட்டம் ஓ பேர்களுக்கும் பொருந்தும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. திட்டம் அங்கே இன்னும் நடக்கிறது. திருத்தலாம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நூல்கண்டு

கட்டுப்படியாகாது என்று விலகிய குடும்பங்களும் உண்டு. நியாயமான கூலி என்றதும் விலகுகிறவர்கள் முதலில் எதற்காகச் சேர்ந்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

தேன்சிட்டு

வழிப்போக்கன் அண்ணா, எங்கள் சண்டை முடியாது. நீங்கள் பணம் கட்டும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். வாரத்துக்குக் குறைந்தது எத்தனை மணி நேர வேலை, தங்குமிடம் யாருடையது, அதற்கு எவ்வளவு பிடித்தம். அங்கே ஏற்கெனவே வேலை பார்த்த மாணவி ஒருவரின் எண்ணையும் கேளுங்கள். தர மறுத்தால் அந்த இடம் வேண்டாம்.

வழிப்போக்கன்

எல்லாருக்கும் நன்றி. இதை அப்படியே அவளிடம் காட்டினேன். நேற்று ராத்திரியே ஏஜென்சிக்கு மெயில் போட்டுவிட்டாள். மணி நேரத்துக்கும் வாடகைக்கும் பதில் வந்துவிட்டது. அறை விடுதிக்காரருடையதுதான். முன்னால் போன மாணவியின் எண்ணுக்கு மட்டும் "விசாரித்துச் சொல்கிறோம்" என்றிருக்கிறார்கள். அந்த எண் வரும் வரை முன்பணம் கட்டப்போவதில்லை என்று அவளே சொல்லிவிட்டாள்.