டோட்டால் மியான்மரை விட்டுப் போனதால் யாருக்கு லாபம்?

வைகைக்கரையாள்:
அந்தமான் கடலில் மியான்மருக்குச் சொந்தமான யடானா எரிவாயு வயலைப் பிரான்ஸின் டோட்டால் நிறுவனம் நடத்திவந்தது. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பறித்து, தெருவில் இறங்கிய இளைஞர்களைச் சுட்டுத் தள்ளியபோதும் எரிவாயு ஓடிக்கொண்டிருந்தது, பணமும் போய்க்கொண்டிருந்தது. விலகுகிறோம் என்று டோட்டால் அறிவித்தது 2022 ஜனவரி 21 அன்றுதான். ஏறக்குறைய ஒரு வருடம் என்ன யோசனை? 2017இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் உயிர் தப்பி வங்கதேசத்துக்கு ஓடினார்களே, அப்போதே யோசித்திருக்க வேண்டாமா? கொலைகார அரசோடு கூட்டு வியாபாரம் செய்கிற நிறுவனமும் அந்தக் குற்றத்தில் பங்காளிதான். மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

குழாய்வழி:
எரிவாயுத் துறையில் வேலை செய்கிறவன் என்ற முறையில் மறுக்கிறேன், அம்மா. யடானாவில் டோட்டாலுக்கு 31.24 சதவீதம், அமெரிக்காவின் ஷெவ்ரானுக்கு 28.26, தாய்லாந்தின் பி.டி.டி.இ.பி.க்கு 25.5, மியான்மர் அரசின் எண்ணெய் நிறுவனமான மோகேவுக்கு 15 சதவீதம் இருந்தது. டோட்டால் போனபோது அதன் பங்கு விலையில்லாமல் மற்ற மூவருக்கும் பிரிந்தது. 2024இல் ஷெவ்ரானும் போனது. இப்போது மோகேயின் பங்கு 37 சதவீதம். அதாவது நீங்கள் கேட்ட வெளியேற்றம் நடந்தது, தளபதிகளின் பங்கு இரண்டு மடங்குக்கும் மேலாக ஏறியது. வயல் மூடப்படவும் இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். நார்வேயின் டெலினார் மியான்மரில் செல்பேசிச் சேவை நடத்தியது. இணையத்தை முடக்கச் சொல்லி ராணுவம் அனுப்பிய உத்தரவுகளை ஒவ்வொன்றாகத் தன் தளத்தில் வெளியிட்டுக்கொண்டிருந்தது. 2021 பிப்ரவரி நடுவில், இனி வெளியிட இயலாது என்று நிறுத்திக்கொண்டது. ஒட்டுக்கேட்கும் கருவிகளை இயக்கச் சொல்லி நெருக்கடி வந்ததால் 10.5 கோடி டாலருக்கு லெபனானின் எம்1 குழுமத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது. கடைசியில் பெரும்பங்கு யாரிடம் சேர்ந்தது? ராணுவத்தோடு நெருக்கமானதாகச் சொல்லப்படும் ஷ்வே பியாயின் பியூ என்ற உள்ளூர் நிறுவனத்திடம். சுமார் 1.8 கோடி வாடிக்கையாளர்களின் அழைப்பு விவரங்களும் கூடவே போயின. ஒளிந்து வாழ்ந்த போராட்டக்காரர்களைக் காப்பாற்றிய வெளியேற்றமா இது?

வைகைக்கரையாள்:
ஐயா, கதையை நடுவிலிருந்து சொல்கிறீர்கள். டோட்டால் ஒப்பந்தம் போட்டது 1992இல். 1988இல் ஆயிரக்கணக்கானோரைச் சுட்டுக் கொன்று, 1990 தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி வென்றும் ஆட்சியை ஒப்படைக்க மறுத்த அதே ராணுவத்தோடு! தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர்கள் அல்லர்.

அந்தக் குழாய் தெனாசரிம் காடுகள் வழியாகத் தாய்லாந்துக்குப் போகிறது. அதன் பாதுகாப்புக்கு வந்த படைகள் கிராமத்து மக்களைப் பிடித்துக் கூலியில்லாமல் சுமை தூக்க வைத்தன. அவர்களில் சிலர் 1996இல் டோட்டாலின் அமெரிக்கக் கூட்டாளியான யூனோகல் மீது (பிறகு ஷெவ்ரான் வாங்கிய நிறுவனம் இதுதான்) லாஸ் ஏஞ்சலிஸில் வழக்குப் போட்டார்கள். பழிவாங்குவார்கள் என்று அஞ்சிப் பெயரை மறைத்தே போட்டார்கள். கணவன் கட்டாய வேலையிலிருந்து தப்ப முயன்றதற்காகத் தன்னையும் கைக்குழந்தையையும் சிப்பாய்கள் நெருப்பில் தள்ளினார்கள், குழந்தை இறந்துவிட்டது என்று ஒரு பெண் வாக்குமூலம் கொடுத்தார். யூனோகல் 2005இல் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. டோட்டாலும் அதே ஆண்டு தன் மீதான வழக்கில் 52 லட்சம் யூரோ நிதி ஒதுக்கிச் சமரசத்துக்கு வந்தது. இதற்குப் பிறகும் 17 வருடம் அங்கே இருந்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
இருவரும் இருப்பதா போவதா என்றே பேசுகிறீர்கள். மியான்மரின் ஜனநாயகத் தரப்பு 2021இல் கேட்டது வேறு. எரிவாயு ஓடட்டும், தளபதிகள் கைக்குப் போகிற பணத்தை மட்டும் அவர்கள் தொட முடியாத ஒரு தனிக் கணக்கில் நிறுத்தி வையுங்கள் என்றார்கள். யாங்கூனுக்கு மின்சாரமும் போகும், ராணுவத்துக்குப் பணமும் போகாது.

முடியாத காரியமா? குழாயை நடத்துவதற்கென்று பெர்முடாவில் பதிவான தனி நிறுவனம் ஒன்று இருந்தது. அதன் லாபப் பங்கை 2021 மே மாதம் நிறுத்தினார்கள். மோகேயும் அதில் பங்குதாரர். அதற்காக யாரும் சிறைக்குப் போகவில்லை. ஆனால் வரியும் எரிவாயுவில் அரசின் பங்கும் வழக்கம்போல் போயின. பெரிய தொகை அங்கேதான் இருக்கிறது. 2019இல் டோட்டால் மியான்மர் அரசுத் தரப்புக்குச் செலுத்தியது சுமார் 23 கோடி டாலர்.

குழாய்வழி:
லாபப் பங்கும் வரியும் ஒன்றல்ல, நண்பரே. வரி கட்டாவிட்டால் உள்ளூர்ச் சட்டப்படி குற்றம். அங்கே இருக்கும் ஊழியர்களைக் கைது செய்வார்கள் என்று டோட்டால் தலைவர் பூயானே 2021 ஏப்ரலிலேயே எழுதினார். கட்டும் வரிக்கு ஈடான தொகையை மனித உரிமை அமைப்புகளுக்குக் கொடுப்போம் என்றும் சொன்னார். கடலில் மேடைமேல் நிற்கிற உள்ளூர்த் தொழிலாளியின் கழுத்துக்கு நீங்களோ நானோ பொறுப்பேற்க முடியாது. பணத்தை முடக்க வேண்டியது அரசாங்கங்களின் வேலை.

கணக்குப்பிள்ளை:
தொழிலாளியைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானது, அதைத் தள்ளிவிட மாட்டேன். அரசாங்கங்கள் சும்மா இருந்தன என்பதும் உண்மை. ஐரோப்பிய ஒன்றியம் மோகே மீது தடை போட்டது 2022 பிப்ரவரியில். அமெரிக்கா அதற்கான நிதிச் சேவைகளைத் தடுப்பதாக அறிவித்தது 2023 அக்டோபரில். இடையில், 2023 ஏப்ரலில், சகாயிங் பகுதியின் பசிஜீ கிராமத்தில் விமானத்திலிருந்து குண்டு போட்டு 160க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள். ஆனால் இலக்குவைத்த தடைக்கு ஆதரவு என்று டோட்டால் வெளிப்படையாகச் சொன்னது விலகும் மாதத்தில்தான். தடை போடுங்கள் என்று முதல் மாதமே கேட்டிருந்தால் வரி கட்டாததற்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்திருக்கும், பழியும் ஊழியர்கள் தலையில் விழுந்திருக்காது.

வைகைக்கரையாள்:
இதை ஏற்கிறேன். கூடவே நம் வீட்டுக் கணக்கையும் எடுங்கள். ராக்கைன் கரைக்கு அப்பால் ஷ்வே என்ற வயல் இருக்கிறது. அதன் எரிவாயு சாவ்க்பியூ வழியாகச் சீனாவுக்குப் போகிறது. அதில் நம் ஓ.என்.ஜி.சி. விதேஷுக்கும் கெயிலுக்கும் பங்கு உண்டு, மோகே அங்கேயும் கூட்டாளி. ரோஹிங்கியாக்களைத் துரத்தியது அதே ராக்கைன் மாநிலத்திலிருந்து. இவை நம் பொதுத்துறை நிறுவனங்கள்.

குழாய்வழி:
நாம் விட்டால் அந்தப் பங்கைச் சீனா எடுத்துக்கொள்ளும். எல்லையில் மணிப்பூரும் மிசோரமும் இருக்கின்றன, ராணுவ ஆட்சியோடு முற்றாக முறித்துக்கொள்ள டெல்லியால் ஆகாது.

வைகைக்கரையாள்:
பங்கை விடச் சொல்லவில்லை. ஷ்வேயிலிருந்து மோகேவுக்கு ஆண்டுதோறும் எவ்வளவு போகிறது, அதை நிறுத்திவைக்கச் சொல்லி நம் இரண்டு நிறுவனங்களும் கூட்டாளிகளிடம் ஒருமுறையாவது எழுதிக் கேட்டனவா? என் தொகுதி எம்.பி.க்கு இந்த இரண்டு கேள்விகளையும் இன்று அனுப்புகிறேன். சீனாவைக் காட்டி இதற்குக்கூடப் பதில் சொல்லாமல் இருக்க முடியுமா?

குழாய்வழி:
தொகையைக் கேளுங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில் வந்தால் இங்கே போடுங்கள்.