அறைத்தோழன் என்னிடம் ஏன் மன்னிப்பு கேட்டான்?

நீர்க்கோழி:
2007-ல் அமெரிக்காவில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் இல்லை, வேறு மாநிலம். ஆனால் துறை நீரியல். ஏப்ரல் 16, திங்கட்கிழமை காலை வர்ஜீனியா டெக்கில் ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு செத்தான். இறந்தவர்களில் பேராசிரியர் ஜி.வி. லோகநாதனும் ஒருவர். நீரியல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோதே கொல்லப்பட்டார். கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர். நேரில் பார்த்ததில்லை, கட்டுரைகளைப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். இருந்தாலும் அன்றைக்குச் சொந்தத்தில் ஒருவர் போன மாதிரி இருந்தது.

முதல் நாள் சுட்டவன் 'ஆசிய ஆள்' என்று மட்டும்தான் செய்தி. மறுநாள் பெயர் வந்துவிட்டது. கொரியக் குடியுரிமை உள்ளவன், எட்டு வயதில் 1992-ல் அமெரிக்கா வந்தவன். அன்று சாயங்காலம் என் கொரிய அறைத்தோழன் என் கதவைத் தட்டினான். வீட்டில் எப்போதும் கிழிந்த பனியனோடு திரிகிற ஆள், அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை. உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. வாசலிலேயே நின்று இடுப்பு வளையக் குனிந்து, உங்கள் பேராசிரியருக்காக நாங்கள் மன்னிப்பு கேட்கிறோம் என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

நான் "பரவாயில்லை" என்றேன். வேறு வார்த்தை வாயில் வரவில்லை. பரவாயில்லை என்று சொல்ல நான் யார்?

அவனுக்கும் சுட்டவனுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பிறகு ஏன் கேட்டான்? இது கொரியப் பண்பாடா, எல்லா ஊரிலும் இருப்பதுதானா? அங்கே இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தேஜோன்வாசி:
நான் கொரியாவில் ஆறு வருடமாக இருக்கிறேன். உங்கள் நண்பர் மட்டும் இல்லை, நாடே அப்படித்தான் இருந்தது. அதிபர் ரோ மூ-ஹியுன் ஒரு தடவையோடு நிறுத்தாமல் திரும்பத் திரும்ப இரங்கல் சொன்னார். சியோலில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். வாஷிங்டனில் இருந்த கொரியத் தூதர், இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் என்று 32 நாள் உண்ணாநோன்பு இருக்கலாம் என்றார்.

இங்கே 'உரி' என்று ஒரு சொல் உண்டு. நம்முடைய என்று அர்த்தம். என் அம்மா என்று சொல்ல மாட்டார்கள், 'உரி' அம்மா. வீடு, நாடு, புருஷன்கூட 'உரி'தான். அந்த வட்டத்துக்குள் ஒருவன் செய்தால் எல்லாரும் செய்த மாதிரி.

இன்னொன்று. சரியாக ஏழு வருடம் கழித்து, அதே ஏப்ரல் 16-ல், சேவோல் கப்பல் மூழ்கி 304 பேர் போனார்கள். அதில் 250 பேர் ஒரே பள்ளிப் பிள்ளைகள். அது கொலை இல்லை, வேறு கதைதான். ஆனால் மஞ்சள் ரிப்பனோடு ஜனங்கள் எழுதி வைத்ததைப் பார்த்தால், 'காப்பாற்ற முடியவில்லை, மன்னித்துவிடுங்கள்' என்றுதான் இருக்கும். எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தக் கப்பலைக் கண்ணால் கண்டதில்லை.

எதிர்க்கட்சி:
அண்ணா, 'உரி' விளக்கத்தை நானும் நிறைய இடத்தில் படித்துவிட்டேன். நாமும்தான் 'எங்க அம்மா', 'எங்க வீட்டுக்காரர்' என்கிறோம். ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்த நானே 'எங்க அம்மா'தான். அதற்காக எவனோ ஒரு தமிழன் வெளிநாட்டில் கொலை செய்தால் நாம் போய்க் குனிகிறோமா? மொழியை வைத்து மனசை அளக்காதீர்கள்.

இதையும் யோசியுங்கள். 2003-04-ல் சியோலிலேயே ஒருவன் 20 பேரைக் கொன்றான். அதற்காக அதிபர் யாரிடமும் மன்னிப்பு கேட்கவில்லையே. வர்ஜீனியாவில் என்ன வித்தியாசம் என்றால், அந்நியர் பார்க்கிறார்கள். அதோடு பயம். 1992 ஏப்ரல் 29-ல் லாஸ் ஏஞ்சலஸ் கலவரம் ஆரம்பித்தது, கொரியர்களின் கடைகள் மட்டும் 2,000-க்கு மேல் சூறையாடப்பட்டன, எரிந்தன. அந்தத் தேதியையே பெயராக்கி 'சா-இ-கு', நாலு-இரண்டு-ஒன்பது, என்பார்கள். அந்த அடி வாங்கிய சமூகம் முந்திக்கொண்டு கைகூப்பியதில் குற்ற உணர்ச்சி எவ்வளவு, தற்காப்பு எவ்வளவு? 1995-ல் ஓக்லஹோமாவில் வெள்ளைக்காரன் ஒருவன் குண்டு வைத்து 168 பேரைக் கொன்றபோது எந்த வெள்ளைக்காரனும் பக்கத்து வீட்டில் போய் மன்னிப்பு கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. கேட்கச் சொல்லி யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

ஜப்பானில் இந்தப் பாரம் நாட்டின்மேல் விழாது, பெற்றவர்கள்மேல் விழும். 2008 ஜூனில் அகிஹாபராவில் ஏழு பேரைக் கொன்றவனுக்கு 25 வயது. அவனுடைய அப்பா, அம்மா வீட்டு வாசலில் கேமராக்கள் முன்னால் தலைகுனிந்து நின்றார்கள். அம்மா நிற்க முடியாமல் சரிந்துவிட்டார். அதையும் பண்பாடு என்று நாம் மெச்சிக்கொண்டிருப்போம்.

தேஜோன்வாசி:
சரி, பயமும் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். 'எங்க வீட்டுக்காரர்' அடி பலமான அடி. ஆனால் பயந்தவன் தெருவில் கேட்பான், பத்துப் பேர் பார்க்கக் கேட்பான். நீர்க்கோழியின் நண்பர் இரண்டு பேர் இருக்கிற வீட்டில், சட்டை மாற்றிக்கொண்டு வந்து கேட்டிருக்கிறார். அது யாருக்குக் காட்ட?

கொரியர்களை உண்மையிலேயே திகைக்க வைத்தது வேறு. வர்ஜீனியா டெக் வளாக மைதானத்தில் இறந்தவர்களுக்காக வரிசையாகக் கல் வைத்தார்கள் இல்லையா, 32-க்குப் பதில் 33 இருந்தது. சுட்டவனுக்கும் ஒரு மாணவி ஒன்று வைத்திருந்தாள். அதன் பக்கத்திலும் பூ, கடிதம். பிறகு கட்டிய நிரந்தர நினைவிடத்தில் 32-தான்.

வடலி:
வாசிச்சுக்கொண்டே வந்தனான், எழுதாமல் போக மனம் வரேல்லை.

1990 ஒக்டோபர் கடைசியில யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தைப் புலிகள் இயக்கம் ஜின்னா மைதானத்துக்குக் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்குள்ள வெளிக்கிடச் சொன்னது. எனக்கு அப்ப பத்து வயசு. என்னோட படிச்ச பெடியன் ஒருத்தன் திங்கக்கிழமை இருந்தான், பிறகு இல்லை. வாத்தியார் இடாப்பில அவன்ர பேரைத் தாண்டி அடுத்த பேரை வாசிச்சார். வகுப்பில ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

2002-ல கிளிநொச்சியில நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில அது பிழை எண்டு ஒப்புக்கொண்டவை. அது அவையின்ர மன்னிப்பு. எங்கட எங்க? நான் விரட்டேல்லை, என்ர அப்பா விரட்டேல்லை, எல்லாம் சரி. மேற்கு ஜெர்மனித் தலைவர் வில்லி பிராண்ட் 1970 டிசம்பரில வார்சோவில, நாஜிகள் கொன்ற யூதரின்ர நினைவிடத்துக்கு முன்னால முழங்காலில விழுந்தவர் தெரியும்தானே. அவர் நாஜிகளுக்குப் பயந்து 1933-லயே நோர்வேக்கு ஓடின ஆள், ஒரு பாவமும் அறியாதவர். நாட்டில அப்ப கருத்துக் கேட்டால் 48 வீதம் ஆக்கள் இது மிகை எண்டவை, 41 வீதம்தான் சரி எண்டவை. செய்யாதவர்தான் விழுந்தார். செய்தவை எப்பவும் பென்ஷன் எடுத்துக்கொண்டு வீட்டில இருப்பினம்.

தம்பி எதிர்க்கட்சி, பயத்தில கேட்டாலும் உங்கட கொரியாக்காரன் கேட்டவன். நாங்கள் பயத்தில கேக்காமல் விட்ட ஆக்கள்.

எதிர்க்கட்சி:
இதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணே.

நீர்க்கோழி:
எல்லாருக்கும் நன்றி. வடலி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன்.

அவன் ஆங்கிலத்தில் சொன்னதால் அந்த 'நாங்கள்' யார் யார் என்று இத்தனை வருடம் எனக்குக் குழப்பமாகவே இருந்தது. நேற்றுராத்திரி தயங்கித் தயங்கி அவனுக்கே எழுதிக் கேட்டுவிட்டேன். இப்போது பூசானில் இருக்கிறான், இரண்டு பெண் பிள்ளைகள். சட்டை ஞாபகமில்லையாம். அன்றைக்கு விடிகாலையில் அம்மா போன் செய்தார்களாம். வெளியே போகாதே, யாராவது கேட்டால் ஜப்பான் என்று சொல் என்றார்களாம். அழுதார்களாம். கடைசியில், உன்னோடு இருக்கிற பையனின் ஆசிரியர் ஒருவர் இறந்திருக்கிறாரே, அவனிடம் போய்ச் சொல்லிவிட்டு வா என்றார்களாம்.

சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவன் வெள்ளிக்கிழமை வரைக்கும் வகுப்புக்கே போகவில்லை என்கிறான். நான் தினமும் போய் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து அறை. கவனிக்கவே இல்லை.