[கலைச்சொல்] ப்ரொஃபைல் பிக்சர்: சுயவிவரப் படமா, முகப்படமா, வேறா?

ந. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உரையாடல் செயலியின் தமிழாக்கத்தில் 61 சரங்கள் (திரையில் தோன்றும் சொற்களும் வரிகளும்) மிச்சம். வெள்ளி இரவு 9 மணிக்குக் கோப்பைப் பூட்டிவிடுவார்கள். எல்லாம் இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. ஒரே கோப்பில் சுயவிவரப் படம், முகப்புப் படம், தன்விவரப் படம், டிபி என்று நான்கும் கிடக்கின்றன.

வெறும் பொத்தான் மட்டும் இல்லை, உதவிப் பக்கமும் இருக்கிறது. மாதிரிக்கு:

"சதுரமான ____ தேர்ந்தெடுங்கள். குறைந்தது 400×400 பிக்சல். வட்டமாகக் காட்டும்போது நான்கு மூலைகளும் மறையும். தலைக்கு மேல் சிறிது இடம் விடுங்கள். குழுப்படத்திலிருந்து ஒரு முகத்தை வெட்டி எடுத்தால் மங்கும்."

கோடிட்ட இடத்தில் நிற்கிற சொல் பொத்தானிலும் நிற்க வேண்டும். ஐ, இல், ஆல் எல்லாம் ஏற்க வேண்டும்.

சி. எழுதியது:

சுய, விவரம் இரண்டும் வடசொல். தன்விவரம் பாதிக்கிணறு. முகம் + படம் = முகப்படம். மகர ஈறு கெட்டு வல்லினம் மிகும். மரம் + கிளை மரக்கிளை ஆவதுபோல. ஒரே சொல், இடைவெளி கிடையாது, குழந்தைக்கும் புரியும்.

த. எழுதியது:

ஐயா, முகம் மட்டும் வடசொல் இல்லையா? அந்த வழக்கு வெள்ளிக்குள் தீராது என்பதால் விடுகிறேன். முகப்படம் என்றதும் எனக்கு யானையின் நெற்றியில் கட்டும் முகபடாம்தான் தோன்றுகிறது.

சி. எழுதியது:

> முகபடாம்தான் தோன்றுகிறது

தோன்றட்டுமே! படம் என்றாலே முதலில் துணிதான். பேகன் மயிலுக்குக் கொடுத்தது படாஅம், புறநானூறு 141. துணியில் வரைந்ததால் ஓவியமும் படமாயிற்று. பாம்பு விரிப்பதும் படம். விரித்துக் காட்டுவது என்ற பொருள் எல்லாவற்றிலும் ஓடுகிறது. டிஸ்ப்ளே என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆகவே படம் என்பதிலேயே டிபி முழுக்க அடங்கிவிட்டது, முகம் அடைமொழிதான்.

ப. எழுதியது:

மயில் குளிருக்குப் போர்த்திக்கொண்டதைப் பொத்தானில் போட முடியாது ஐயா. நிரல் பக்கத்திலிருந்து மூன்று செய்திகள்.

ஒன்று, நீளம். கணினிக்குக் கொம்பும் புள்ளியும் தனித்தனி இடம். 'சுயவிவரப் படம்' இடைவெளியோடு 14 இடம். 'முகப்புப் படம்' குறைவாகத் தெரிந்தாலும் அதுவும் 14தான். 'முகப்படம்' 9. 'டிபி' 4.

இரண்டு, வெட்டு. கீழ்ப்பட்டையில் 8 இடத்துக்கு மேல் போனால் செயலி மூன்று புள்ளி வைத்து வெட்டுகிறது. எழுத்தாக எண்ணாமல் குறியீடாக எண்ணுவதால் 'சுயவிவரப்' என்பதன் கடைசிப் புள்ளி உதிர்ந்து 'சுயவிவரப…' என்று நிற்கும். இது சொல்லின் குற்றமில்லை, நிரலின் வழு, தனியாகப் பதிந்திருக்கிறேன். வெள்ளிக்குள் சரியாகாது.

மூன்று, ஒட்டு. மூலத்தில் ப்ரொஃபைல் ஒரு சரம், பிக்சர் ஒரு சரம். இரண்டையும் நிரல் பக்கத்தில் வைத்து ஒட்டுகிறது. புணர்ச்சி அதற்குத் தெரியாது. 'சுயவிவரம் படம்' என்றே வரும். முழுத்தொடரையும் ஒரே சரமாகக் கேட்டு வாங்குங்கள், ந.

யா. எழுதியது:

இலங்கைப் பக்கத்திலிருந்து ஒன்று. எங்களுக்கு ஃபோட்டோ என்றால் நிழற்படம், புகைப்படமும் உண்டு. முகப்படம் என்றால் அடையாள அட்டைக்கு எடுக்கிற படம் என்றுதான் சனம் விளங்கிக்கொள்ளும். அதோடு, முகம் இல்லாத படங்களை என்ன செய்யிறது? மே 18, முள்ளிவாய்க்கால் நினைவு நாள் வந்தால் விளக்குப் படம், கறுப்புப் படம் வைக்கிற ஆக்கள் எத்தனை பேர். அதுக்கும் முகப்படம் என்றா பேர்?

த. எழுதியது:

யா. சொல்வதுதான் சரியான அடி. 2022 ஆகஸ்ட் 2 முதல் 15 வரை மூவண்ணக் கொடியை வைக்கச் சொல்லிப் பிரதமர் கேட்டுக்கொண்டார். வைத்தவர்களுக்கு அந்த இரண்டு வாரமும் முகம் இல்லை. சாமி, செம்பருத்தி, தலைவர், பேரக்குழந்தை எல்லாம் இதே வட்டத்துக்குள்தான் உட்கார்கின்றன.

சி. எழுதியது:

அப்படியானால் மூலச்சொல்லுக்கே போவோம். ப்ரொஃபைலின் வேர் இத்தாலிய மொழியில் கோடிழுத்து விளிம்பு வரைவது. அதற்கும் அடியில் இருப்பது லத்தீன் ஃபீலும், அதாவது நூலிழை. தமிழில் நூல் என்றால் இழையும்தான், ஏடும்தான். பஞ்சு, இழை என்று நன்னூல் நூலையே நெசவாகச் சொல்கிறது. ஆகவே இழையுரு என்று முன்மொழிகிறேன்.

இன்னொன்று. ஓவியர்களுக்கு ப்ரொஃபைல் என்றால் பக்கவாட்டு முகம். நம் பெண்கள் தாலிச் சங்கிலியில் பக்கவாட்டில் கோக்கும் வில்லைக்கு என்ன பெயர்? முகப்பு!

ந. எழுதியது:

ஐயா, நகைக்கடைக்குள் போய்விட்டோம். முகப்பு என்பதை ஏற்கெனவே ஹோம் பேஜுக்குப் பயன்படுத்திவிட்டோம். பக்கத்தின் தலையில் வரும் அகலப் படத்தையும் பாதிப்பேர் முகப்புப் படம் என்கிறார்கள். மூன்றுக்கும் ஒரு சொல் ஆகாது.

தற்படம் என்று ஒருவர் தனிமடலில் சொன்னார். தன் + படம், புணர்ச்சி சுத்தம். ஆனால் அது செல்ஃபிக்குப் போய்விட்டது. உதவிப் பக்கத்தில் இப்படி ஒரு வரி வருகிறது: "தற்படத்தை விட, மற்றொருவர் ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுத்தது நல்லது, கைநீட்டி 30 செ.மீ.யில் எடுத்தால் மூக்கு பெருத்துத் தெரியும்." இதில் இரண்டுக்கும் ஒரே சொல் வந்தால் வாசிப்பவர் கதி என்ன?

ப. எழுதியது:

உதவிப் பக்கத்தில் இரண்டு திருத்தம். வட்டம் வெட்டுவது மூலைகளை 'மட்டும்' என்று ஒரு சரத்தில் இருக்கிறது. கேட்கச் சின்னதாகத் தெரியும். சதுரத்தின் பரப்பில் 21.5 விழுக்காடு போகிறது. மூலையில் எழுதிய பெயர் நிச்சயம் போகும். அடுத்தது, பதிவேற்றும் திரையில் பெரிதாகப் பார்த்துவிட்டு ஏமாறுவார்கள். கருத்துப் பகுதியில் அது 40 பிக்சல் அகலம்தான். முழு உடம்பு நிற்கும் படம் அங்கே குச்சியாகத் தெரியும். தோளுக்கு மேல் வெட்டச் சொல்லுங்கள். பின்னணியும் சட்டையும் ஒரே நிறமானால் தலை மட்டும் மிதக்கும்.

சொல்லைப் பற்றி: பேச்சில் எல்லாரும் டிபிதான். எம்எஸ்என் மெசெஞ்சர் காலத்து டிஸ்ப்ளே பிக்சர். அதையே வைத்தால் என்ன?

த. எழுதியது:

பேச்சில் இருக்கட்டும். 'உங்கள் டிபியை யார் பார்க்கலாம்: அனைவரும், என் தொடர்புகள், ஒருவரும் இல்லை' என்ற அமைப்புத் திரையை அறுபது வயதுக்காரர் படிக்க வேண்டும். படத்தை எடுத்துத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்றுதானே 2017இல் ஃபேஸ்புக் இந்தியாவில் நீல விளிம்பும் கேடயமும் கொண்டுவந்தது? அந்த இடத்தில் சொல் தடுக்கக் கூடாது. சுயவிவரப் படம் அழகில்லை. ஆனால் மற்ற செயலிகளில் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

யா. எழுதியது:

எனக்கும் முழு விருப்பமில்லை. ஆனா விளங்கும். சரி.

ப. எழுதியது:

முழுச்சரமாகத் தருவதென்றால் +1. கீழ்ப்பட்டையில் மட்டும் 'படம்' போதும், 4 இடம். வெட்டும் பிரச்சினையே இல்லை.

ந. எழுதியது:

எதிர்ப்பு இல்லையென்றால் சுயவிவரப் படம் என்றே ஏற்றுகிறேன். எதிர்ப்பு இருந்தாலும் ஏற்றத்தான் வேண்டும், மணி 8:20.

சி. எழுதியது:

என் எதிர்ப்பைப் பதிந்துவைக்கவும். அடுத்த பதிப்பில் முகப்படத்தை மறுபடி எழுப்புவேன். இழையுருவை விட்டுக்கொடுக்கிறேன், அது எனக்கே ஒட்டவில்லை.

ஏற்றிய கோப்பைப் பார்த்தேன். 34ஆம் சரத்தில் 'சுயவிவர படம்' என்று இருக்கிறது. வடசொல்லை வைத்ததுதான் வைத்தீர்கள், ப் எங்கே?