பழைய ராணுவ பி.எஸ்.ஏ. எம்20: சுரண்டிப் புதுசாக்குவதா, வந்தபடியே காப்பதா?

ஒற்றைச்சிலிண்டர்

வணக்கம் நண்பர்களே. இரண்டாம் உலகப் போர்க் காலத்து பி.எஸ்.ஏ. எம்20 ராணுவ மோட்டார் சைக்கிள் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. 496 சிசி, சைடு வால்வ் (வால்வ் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும்), முன்னால் கிர்டர் ஃபோர்க், பின்னால் சஸ்பென்ஷனே கிடையாது. எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் ஸ்பார்க் இல்லை. போர் முடிந்து ராணுவம் விற்ற பிறகு யாரோ மெரூன் கலர் அடித்திருக்கிறார்கள். டேங்கில் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் உற்றுப் பார்த்தால் மெரூனுக்குக் கீழே ஆலிவ் பச்சை, அதற்குக் கீழே பழுப்பு, அடியில் காக்கிப் பச்சை தெரிகிறது. பின் மட்கார்டில் ஓரிடத்தில் துரு ஓட்டை போட்டிருக்கிறது.

சாண்ட்பிளாஸ்ட் செய்து, அதாவது மணலை வேகமாக அடித்துப் பெயின்ட்டைச் சுரண்டி, புதுசாகவே அடித்துவிடு என்கிறார் ஒருவர். கை வைக்காதே என்கிறார் இன்னொருவர். எனக்கு ஓட்டவும் ஆசை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காக்கிமணி

முழுசாகப் பிரித்துவிடுங்கள் தம்பி. இந்த வண்டிக்கு அரைகுறை வேலை ஆகாது. பெயின்ட்டுக்கு அடியில் துரு இருந்தால் மேலே என்ன பூசினாலும் உள்ளே அரித்துக்கொண்டேதான் இருக்கும். ஃபிரேமில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் வெறும் இரும்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அப்புறம், மெரூன் கலரில் நிற்கிற வண்டியைப் பார்த்தால் யாருக்கு அது ராணுவ வண்டி என்று தெரியும்? போர்க்களத்தில் தூது கொண்டு போனவன் ஏறி உட்கார்ந்த கோலத்தில் அதை நிறுத்த வேண்டும். அதுதான் அவனுக்கும் மரியாதை. சுமார் 1,26,000 எம்20 செய்தார்கள். ஒன்றைப் புதுசாக்கினால் வரலாறு ஒன்றும் குறைந்துவிடாது. முடிந்த பிறகு டேங்கில் நல்ல படைப்பிரிவுச் சின்னம் ஒன்று போடுங்கள். பெகாசஸ் என்ற சிறகு முளைத்த குதிரை அழகாக இருக்கும்.

மேக்னெட்டோ

காக்கிமணி அண்ணா, எத்தனை செய்தார்கள் என்பது வேறு கணக்கு. எத்தனையில் ராணுவம் அடித்த பெயின்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான் நாம் பார்க்க வேண்டிய கணக்கு. புதுசாக்கிய எம்20 எங்கே போனாலும் கிடைக்கும். இது கிடைக்காது.

அந்த டேங்கை வரிசையாகப் படித்துப் பாருங்கள். காக்கிப் பச்சை, போர் தொடங்கிய காலத்துக் கலர். 1942-ல் பச்சை நிறமி தட்டுப்பாடு வந்ததால் எஸ்.சி.சி. 2 என்ற பழுப்புக்கு மாறினார்கள். 1944 ஏப்ரலில் அமெரிக்க வண்டிகளின் கலரோடு ஒத்துப்போகட்டும் என்று எஸ்.சி.சி. 15 ஆலிவ் பச்சை வந்தது. ஆக, இந்த வண்டி 1942 வாக்கிலோ அதற்கு முன்போ பட்டறையை விட்டு வெளியே வந்திருக்கிறது, 1944-க்குப் பிறகும் ராணுவத்தில் ஓடியிருக்கிறது. இதை எந்தக் காகிதமும் இல்லாமல் டேங்கே சொல்கிறது. சாண்ட்பிளாஸ்ட் குழாயைப் பிடித்தால் சில நிமிடங்களில் அத்தனையும் தூசி.

"களத்தில் இருந்த கோலம்" என்கிறீர்கள். எந்த வருஷத்துக் கோலம்? நீங்கள் அடிக்கப்போகிற புதுப் பெயின்ட் அந்த மூன்றில் ஒன்றைத்தான் காட்டும். அதுவும் உங்கள் கையால் அடித்தது.

தம்பி ஒற்றைச்சிலிண்டர், ஒரு வேலை செய்யுங்கள். டேங்கின் பக்கவாட்டில் மெரூனை மட்டும் எடுத்துப் பாருங்கள். 1200 நம்பர் வாட்டர் பேப்பர், சோப்புத் தண்ணீர், உள்ளங்கை அகல இடம். அழுத்தாமல் தேயுங்கள். வழித்த நீர் மெரூனாக வரும்வரை சரி. பச்சை கலந்து வந்தால் உடனே நிறுத்துங்கள். பிரிட்டிஷ் ராணுவம் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளுக்கும் 'சி' என்ற எழுத்தில் தொடங்கும் ஓர் எண் கொடுத்து டேங்கில் வெள்ளையாக எழுதியது. பல வண்டிகளில் அது பிந்தைய பெயின்ட்டுக்கு அடியில் அப்படியே இருக்கும்.

கைப்பிடியையும் பாருங்கள். 1942-ல் மலாயா கைவிட்டுப் போனதும் ரப்பர் கிடைக்காமல் கேன்வாஸ் துணியில் கைப்பிடி செய்தார்கள், கால் வைக்கும் இடத்தில் வெறும் இரும்பு. அது இருந்தால் தயவுசெய்து கழற்றி எறியாதீர்கள்.

காக்கிமணி

மேக்னெட்டோ தம்பி, அருங்காட்சியகத்துக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். இவர் ஓட்ட வேண்டும் என்கிறாரே! ராணுவமே இந்த வண்டிகளைப் பணிமனையில் முழுசாகப் பிரித்து, எஞ்சினை ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் மாட்டி, புதுப் பெயின்ட் அடித்துத் திருப்பி அனுப்பியது. அவர்கள் பழைய பெயின்ட்டைக் கும்பிட்டுக்கொண்டு இருக்கவில்லை. அவர்கள் செய்ததைத்தான் நானும் செய்யச் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று, புதுசாக்குகிறேன் என்று அலங்காரம் செய்கிறவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். கண்ணாடி மாதிரி மினுக்கும் பெயின்ட், குரோம் பூசிய நட்டு, பாலிஷ் போட்ட எஞ்சின் கேஸ் எல்லாம் எனக்கும் ஆகாது. பவுடர் கோட்டிங்கும் கூடாது. தடியாகப் படிந்து ஃபிரேம் எண்ணையே மூடிவிடும். எஞ்சின் கேஸைச் சாண்ட்பிளாஸ்ட் செய்தால் ஆயில் வழிகளில் மணல் தங்கி, ஓட்டத் தொடங்கிய கொஞ்ச நாளில் பேரிங்கைத் தின்றுவிடும். இதையெல்லாம் தெரிந்துதான் பேசுகிறேன்.

கயல்

நான் அமெரிக்க ராணுவம் ஓட்டிய ஹார்லி டபிள்யூ.எல்.ஏ. வண்டி ஓட்டுகிறேன். 739 சிசி, காலில் கிளட்ச், கையில் கியர். இரண்டு பேரும் பெயின்ட்டிலேயே நிற்கிறீர்கள். அவர் கேட்ட பாதிக் கேள்வி ஓட்டுவது பற்றி.

ஒற்றைச்சிலிண்டர், முதலில் பிரேக்கைப் பாருங்கள். 7 அங்குல டிரம், இன்றைய வண்டியோடு ஒப்பிடவே முடியாது. டிரம்மைத் திறக்கும்போது காற்றுக் குழாய் வைத்து ஊதவே ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிவிடுங்கள். லைனிங்கைப் புதிதாக ஒட்டுங்கள், டிரம்முக்குப் பொருந்தும்படி கடைந்து வாங்குங்கள். இதில் "ஒரிஜினல்" என்ற பேச்சே வேண்டாம்.

அடுத்தது ஆயில். எம்20-ல் ஆயில் தனி டேங்கில் இருக்கும். நிறுத்தி வைத்தால் பம்ப் வழியாகக் கசிந்து எஞ்சின் அடியில் தேங்கும். அதைத் தடுக்கச் சிலர் ஆயில் குழாயில் திறந்து மூடும் ஒரு திருகு வைக்கிறார்கள். திறக்க மறந்தால் எஞ்சின் காலி. அதைவிட, கிளப்பும் முன் அடியில் தேங்கியதை வடித்துவிட்டு ஆயில் டேங்கில் ஊற்றுங்கள். எஞ்சினைப் பிரித்துக் கழுவாமல் இன்றைய டிடர்ஜென்ட் ஆயில் போடாதீர்கள். எத்தனையோ வருஷமாகப் படிந்த கசடு இளகி ஆயில் வழியை அடைக்கும். அதனால் எஞ்சின் விஷயத்தில் நான் காக்கிமணி அண்ணன் பக்கம்: முழுசாகப் பிரிக்க வேண்டியதுதான்.

பெட்ரோலில் பயப்பட ஒன்றுமில்லை. அழுத்த விகிதம் 4.9-தான், போர்க்காலத்துத் தரம் குறைந்த பெட்ரோலுக்கென்றே செய்த எஞ்சின். எத்தனால்தான் தொல்லை. தண்ணீரை இழுக்கும், டேங்க் உள்பூச்சைக் கரைக்கும், கார்புரேட்டரில் வெள்ளையாகப் பூக்கும். நீண்ட நாள் நிறுத்துவதென்றால் இரண்டையும் வடித்துவிடுங்கள்.

கடைசியாக, இதில் பிரேக் லைட் கிடையாது. பின்னால் இருப்பது பொட்டு மாதிரி ஒரு சிவப்பு விளக்கு. பிரேக் லைட் ஒன்று மாட்டாமல் மெயின் ரோட்டுக்கு வராதீர்கள்.

காக்கிமணி

எல்லாம் சரி கயலம்மா, பிரேக் லைட் மட்டும் வேண்டாம். தொழிற்சாலையில் இல்லாத ஒன்றை மாட்டினால் அந்தப் பின்பக்கத்தின் முகமே போய்விடும். பகலில் மட்டும் ஓட்டட்டும், கையைக் காட்டித் திரும்பட்டும்.

கயல்

அண்ணா, பின்னால் வருகிற கார்க்காரர் கைச்சைகையைப் பார்த்து வளர்ந்தவர் இல்லை. நம் வண்டி மெதுவாக நிற்கும், அவர் வண்டி சட்டென்று நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் நாம் நிற்கப்போகிறோம் என்றே அவருக்குத் தெரியாவிட்டால் அந்த உண்மை நம்மைக் காப்பாற்றாது. துளை எதுவும் போடாமல் கிளாம்ப் வைத்து மாட்டலாம், காட்சிக்கு நிறுத்தும்போது கழற்றலாம். முகப்பு விளக்கின் இருட்டடிப்பு மூடியையும் ரோட்டில் போட்டு ஓட்டாதீர்கள். அது வெளிச்சத்தை மறைப்பதற்காகவே செய்தது.

மேக்னெட்டோ

கயல் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். கழற்றினால் தடம் தெரியாத எந்த மாற்றமும் எனக்குச் சம்மதம்.

ஆனால் அந்தப் பெகாசஸ் சின்னத்தை விட மாட்டேன். அது பிரிட்டிஷ் வான்வழிப் படையின் சின்னம். வானிலிருந்து இறக்குவதற்கு அவர்களிடம் இருந்தது ராயல் என்ஃபீல்டின் 125 சிசி ஃப்ளையிங் ஃப்ளீ. 60 கிலோ கூட வராது. குழாய்க் கூட்டுக்குள் வைத்துப் பாராசூட்டில் விட்டார்கள். எம்20 அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு எடை. இந்த வண்டி எங்கே ஓடியது என்று நமக்குத் தெரியாதபோது, பேர் பெற்ற படையின் சின்னத்தை ஒட்டுவது சேவை செய்யாதவன் பதக்கம் குத்திக்கொள்வது போல. ஏதோ ஒரு சப்ளை முகாமுக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஓடியே போரை முடித்திருந்தாலும் அது அந்த வண்டியின் சொந்தக் கதை.

சைட்கார்_செல்வம்

இவ்வளவு கண்டிப்பு தேவையா சார்? என்னிடம் இருப்பது சோவியத் ராணுவத்தின் சைட்கார் வண்டியான எம்72. சாம்பல் பெயின்ட் அடித்து ஜெர்மன் சிலுவை போட்டு வைத்திருக்கிறேன். வார இறுதியில் எடுத்தால் குழந்தைகள் ஓடி வந்து படம் எடுக்கிறார்கள். யாருக்கு நஷ்டம்?

மேக்னெட்டோ

நஷ்டம் உங்கள் வண்டிக்குத்தான் செல்வம் சார். எம்72, பி.எம்.டபிள்யூ. ஆர்71-ஐப் பார்த்துச் செய்தது, அதனால் உருவம் ஒத்துப்போகிறது. ஆனால் ஜெர்மன் படை நெருங்கி வந்ததால்தான் 1941 கடைசியில் அதன் தொழிற்சாலையை மாஸ்கோவிலிருந்து உரால் மலைக்கு அப்பால் இர்பிட்டுக்குத் தூக்கிப் போனார்கள். எந்தப் படையை எதிர்க்க அந்த வண்டியைச் செய்தார்களோ அதே படையின் சிலுவையை அதன் நெற்றியில் போட்டிருக்கிறீர்கள். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை.

வாங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன். எம்72, உரால், சீனாவின் சாங் ஜியாங் மூன்றையும் வேஷம் கட்டி "போர்க்கால பி.எம்.டபிள்யூ." என்று விற்பது நெடுநாள் வழக்கம். பி.எம்.டபிள்யூ.வின் உண்மையான போர்க்கால சைட்கார் வண்டியான ஆர்75-ல் சைட்கார் சக்கரத்துக்கும் எஞ்சின் இழுவை போகும், ரிவர்ஸ் கியர் இருக்கும், வால்வ் சிலிண்டருக்கு மேலே இருக்கும். எம்72 சைடு வால்வ். முதலில் சிலிண்டர் தலையைப் பாருங்கள்.

காக்கிமணி

இதில் நான் மேக்னெட்டோ பக்கம். சிலுவையோடு நின்றால் சரி, சிலர் ஸ்வஸ்திகாவும் வரைகிறார்கள். ஜெர்மனியிலேயே அதைப் பொது இடத்தில் காட்டுவது குற்றவியல் சட்டம் 86ஏ பிரிவில் குற்றம். அந்தக் கொடியின் கீழ் செத்தவர்களின் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பச்சையோ சோவியத் நட்சத்திரமோ போடுங்கள் செல்வம், குழந்தைகள் அப்போதும் ஓடி வருவார்கள்.

ஒற்றைச்சிலிண்டர்

மேக்னெட்டோ அண்ணா சொன்னபடி டேங்கின் இடது பக்கம் தேய்த்தேன். மெரூன் போனதும் ஆலிவ் பச்சை, அதன் மேல் தூரிகையால் எழுதிய வெள்ளை 'சி', பின்னால் எண்கள். கடைசி இரண்டும் பாதி அழிந்திருக்கின்றன. 'சி'-யின் வால் கொஞ்சம் வழிந்து காய்ந்திருக்கிறது. எழுதியவர் அவசரத்தில் இருந்திருக்க வேண்டும். இதன் மேல் இனி நான் பெயின்ட் அடிக்க மாட்டேன்.

எஞ்சின், சக்கரம், பிரேக், வயரிங் எல்லாம் முழுசாகப் பிரித்துச் செய்கிறேன். டேங்க், மட்கார்டு, டூல் பாக்ஸ் மூன்றிலும் மெரூனை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே விடுகிறேன். சின்னம் எதுவும் போடவில்லை. பிரேக் லைட் கிளாம்பில்.

காக்கிமணி

அந்த எண்ணைக் கேட்டதும் எனக்கும் மனசு இளகியது தம்பி, மறைக்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன், மட்கார்டில் ஓட்டை இருக்கிறதே? அதைப் பற்றவைத்தால் சுற்றிலும் பெயின்ட் கருகும். அப்போது அடித்துத்தானே ஆக வேண்டும்? ஃபிரேம் விரிசலை எப்படிப் பார்ப்பீர்கள்?

மேக்னெட்டோ

மட்கார்டில் ஓட்டையைச் சுற்றி ஈரத்துணி வைத்து, விட்டு விட்டுச் சின்னச் சின்னப் பொட்டாகப் பற்றவைத்தால் கருகுவது விரல் அகலத்துக்கு மேல் போகாது. அந்த அளவுக்கு மட்டும் மினுக்கம் இல்லாத ஆலிவ் அடியுங்கள். ஒட்டுப் போட்டது தெரியட்டும்.

ஃபிரேமுக்குக் காக்கிமணி அண்ணன் கேட்டது நியாயம். இணைப்புகள், சைட்கார் மாட்டும் இடம், ஸ்டியரிங் தலை, இந்த இடங்களில் மட்டும் பெயின்ட்டை எடுத்து, விரிசல் காட்டும் சாய மருந்து தெளித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் நான் ஒரு வார்த்தையும் பேச மாட்டேன், முழுசாகச் சுரண்டிச் சரிசெய்யுங்கள்.

ஸ்பார்க் இல்லை என்றீர்களே, ஸ்பார்க் தரும் மேக்னெட்டோ கருவியின் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றக் கொடுக்கும்போது, அதன் சுழலும் பாகமான ஆர்மேச்சருக்குள் இருக்கும் கண்டென்சரையும் மாற்றச் சொல்லுங்கள். பழைய அரக்குக் காப்பு சூட்டில் இளகிவிடும். குளிரில் ஒரே கிக்கில் கிளம்பி, சூடானதும் நடுவழியில் நிற்கும்.