இடுப்புவலியும் இரண்டு தலையணையும்

கார்த்தி: சித்தப்பா, மேசை மாதிரி கால்களில் நிற்கிற இந்தப் பெடல் ஸ்டீல் கிட்டார் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே இடுப்பு பிடித்துக்கொள்கிறது. இருக்கை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

சித்தப்பா: இப்போது எதில் உட்காருகிறாய்?

கார்த்தி: சாப்பாட்டு மேசை நாற்காலி. தாழ்வாக இருந்தது, அதனால் மேலே ஒரு தலையணை.

அக்கா: ஒன்றல்ல, இரண்டு. அதில் ஒன்று என்னுடையது.

சித்தப்பா: முதலில் அதை அவளிடம் கொடு. உட்கார உட்கார அமுங்கும், பத்து நிமிடத்தில் உயரமே மாறிவிடும். கெட்டியான இருக்கை வேண்டும். கைப்பிடி கூடாது, முழங்கை இடிக்கும்.

கார்த்தி: சரி, எத்தனை அங்குலம்?

சித்தப்பா: பலருக்கு 18, 20 அங்குலத்துக்குள் அமைந்துவிடும். ஆனால் டேப்பை அப்புறம் எடு. இடது குதிகால் தரையில், முன்பாதம் பெடலில். தொடை ஏறக்குறைய தரைக்கு இணையாக இருக்கிறதா பார். தொடைக்கு மேலே ஒரு லீவர் தொங்குமே, முழங்காலால் தள்ளிக் கம்பியின் சுரத்தை மாற்றுவது, அது தொடுகிறதா?

கார்த்தி: தொடுகிறதா! முட்டிக்கொண்டே இருக்கிறது. நான் ஒன்றும் செய்யாமலே 5ஆம் கம்பி அரை சுரம் இறங்குகிறது. இவ்வளவு நாளும் கம்பியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன் 😂

அம்மா: தலையணையை எடுத்துவிட்டால் தோள் தூக்கிக்கொள்ளுமே. தையல் மெஷினில் எனக்கும் இதே கதைதான், ஸ்டூல் தாழ்ந்தால் தோள் காதுக்கு வந்துவிடும்.

சித்தப்பா: அண்ணி சொல்வது சரி. தோள் தொங்க வேண்டும், முழங்கை கம்பிகளின் மட்டத்துக்குப் பக்கத்தில். ரொம்ப உயர்ந்தால் நீ குனிவாய், இடுப்புவலி அங்கிருந்துதான் வருகிறது.

கார்த்தி: கிட்டாரையே உயர்த்திவிட்டால்?

சித்தப்பா: அவசரப்படாதே. பெடல் பலகை கிட்டாரின் முன்கால்களில்தான் மாட்டியிருக்கிறது. அந்தக் கால்களை நீட்டினால் பெடலும் கூடவே ஏறும், மிதிக்கும்போது குதிகால் தரையில் நிற்காது. பெடலைப் பழைய இடத்துக்கு இறக்கினால், அதைக் கிட்டாரோடு இணைக்கும் ராடுகளையும் நீளமாக மாற்ற வேண்டிவரும். முதலில் இருக்கையை முடி.

அப்புறம், வெறுங்காலோடு பழகிவிட்டு மேடையில் ஷூ போடாதே. அரை அங்குலம் முழங்கால் ஏறினாலே பக்கவாட்டு லீவர்கள் வேறு இடத்தில் படும்.

அக்கா: இப்போது உள்ளே பலகை இழுக்கிற சத்தம் கேட்கிறது.

கார்த்தி: மர ஸ்டூல், மேலே ஒரு பலகை. 19 அங்குலம். லீவருக்கும் தொடைக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிறது. ஆனால் சித்தப்பா, கம்பிமேல் நகர்த்துகிற உலோகப் பார் சுரத்தின் இடம் காட்டும் சரியான ஃப்ரெட்டில்தான் இருக்கிறது, சுருதி மட்டும் விலகுகிறது.

சித்தப்பா: கண் இருந்த உயரம் மாறிவிட்டது இல்லையா. ஸ்டீலில் ஃப்ரெட் வெறும் கோடுதான், பார் அதற்கு மேலே கம்பியில் நிற்கிறது. சாய்வாகப் பார்த்தால் கோடு நகர்ந்த மாதிரி தெரியும். வயிற்றை 15ஆம் ஃப்ரெட்டுக்கு நேராக வைத்து உட்கார், மீதியைக் காதிடம் விடு. இரண்டு நாளில் பழகிவிடும்.

கார்த்தி: ஒரு மணி நேரம் வாசித்துவிட்டேன், இடுப்பு பேசவே இல்லை 🙏

அக்கா: நல்லது. என் தலையணை எங்கே?